மஞ்சளைத் தேடிப்போன கதை

சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் யுரேனியம் தோண்டிய இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு சின்ன கைகர் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். கதிர்வீச்சு பட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும். "கல்லு கில்லு எதையும் பையில போட்டுக்கிட்டு வந்துடாதம்மா, சாங்கி ஏர்போர்ட்ல மாட்டிக்குவே" என்றார். அவ்வளவுதான் அறிவுரை.

விமானத்தில் கருவியின் சத்தத்தை அணைத்துவிட்டு அது காட்டும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். உயரே போகப்போக அது ஏறிக்கொண்டே போனது. விண்வெளிக் கதிர்களைத் தடுக்கும் காற்று அங்கே குறைவு. பக்கத்து இருக்கைக்காரரிடம் இதைச் சொல்லாமல் விட்டது நல்லது.

சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சித்தப்பா மகன்தான் வண்டி ஓட்டினான். 24ஆம் எண் சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் டெம்பிள் மலை. கோப்ளின் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. சுற்றிலும் பழைய சுரங்க வாய்கள், பலவற்றுக்கு இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். நாங்கள் நின்றது அவற்றில் ஆகச் சிறியது ஒன்றின் முன்னால். யாரோ நாலு பேர் தோண்டிப் பார்த்து, கட்டுப்படியாகாமல் விட்டுப்போன பொந்து என்று தோன்றியது. வாசலில் கொட்டிய கல் மட்டும் சரிவில் கிடக்கிறது.

கார்னோடைட் என்ற யுரேனியத் தாது பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் என்று படித்திருந்தேன். அதனால் மஞ்சள் கறை படிந்த ஒரு பாறையைக் கண்டதும் ஓடிப்போய்க் கருவியை வைத்தேன். ஊஹூம். அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் வைத்துப் பார்த்தேன். "அக்கா, அது இரும்புத் துருக்கா" என்றான் தம்பி. அலுத்துப்போய்க் கருவியைக் கீழே கிடந்த ஒரு மணற்கல் மேல் வைத்தேன். டிக் டிக் டிக்! அதில் மஞ்சளே இல்லை. மிளகைத் தட்டித் தூவியதுபோலக் கறுப்புப் பொட்டுகள், தாரைப்போல மினுங்கின.

இந்த மணற்கல் சின்லே பாறை அடுக்கைச் சேர்ந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல். ஆக்சிஜன் உள்ள நிலத்தடி நீரில் யுரேனியம் கரைந்து ஊர்ந்து வரும். வழியில் புதைந்த மரத்துண்டோ தார்ப்பொருளோ இருந்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், யுரேனியம் கரைசலைவிட்டுப் பிரிந்து கறுப்பாகப் படிந்துவிடும். பிறகு காற்றும் மழையும் பட்ட இடங்களில்தான் அது மஞ்சளாக மாறுகிறது. டெம்பிள் மலையில் தாது பெரும்பாலும் அந்தத் தார்ப்பொருளோடு சேர்ந்தே இருக்கிறது.

ஏமாந்தது நான் மட்டும் இல்லை. சார்லி ஸ்டீன் என்பவர் கைகர் கருவி வாங்கக் காசில்லாமல் யூட்டாவிலுள்ள மோவாப் ஊருக்குத் தென்கிழக்கே துளை போட்டுக்கொண்டிருந்தார். 1952 ஜூலையில் கறுப்பாக ஒரு பாறைத்துண்டு வந்தது. மஞ்சளைத்தான் அவரும் எதிர்பார்த்தார். சிஸ்கோ என்ற ஊரில் ஒரு பெட்ரோல் கடைக்காரரின் கருவி அலறிய பிறகுதான் அது யுரேனினைட் என்ற கறுப்பு யுரேனியத் தாது என்று தெரிந்தது. அந்தச் சுரங்கம் அவரைக் கோடீஸ்வரராக்கியது.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. காற்றோட்டமில்லாத சுரங்கங்களில் யுரேனியப் பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவைச் சுவாசித்த தொழிலாளர்கள், நவஹோ பழங்குடி மக்கள் பலர் உட்பட, நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1990இல்தான். கம்பி போடாத வாய் ஒன்றில் எட்டிப் பார்க்கத் தம்பி ஆசைப்பட்டான். சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இருவரும் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பியதும் அதே மேசையில் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை முடுக்கிவிட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். நிதானமாக ஒரு டிக், அப்புறம் இன்னொன்று.

"மஞ்சளா இருந்துச்சா?"

"இல்லண்ணே, கறுப்பு."

"அட!" என்றபடி, இன்னொரு தே தாரிக்குக்குக் கை காட்டினார்.