வாக்குமூலம்: கொழும்பு நாட்குறிப்பு, 2025

ஜனவரி 5, ஞாயிறு

ஆண்டின் முதல் ஞாயிறு எங்கள் மெதடிஸ்த சபையில் உடன்படிக்கை ஞாயிறு. ஜோன் வெஸ்லி 1755இல் தொடக்கிவைத்த இந்த ஆராதனையை, 1814இல் காலியில் வந்திறங்கிய மிஷனரிமாரால் வேரூன்றிய நம் தீவின் மெதடிஸ்த சபை இன்றும் கைவிடவில்லை. அப்பா இருந்த காலத்தில் நாங்கள் உட்கார்ந்த அதே மூன்றாவது வாங்கில் இன்று அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். நான் இனி எனக்குரியவளல்லள், உமக்கே உரியவள் என்று சொல்லி, செயற்பட வைத்தாலும் பாடுபட வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சபையார் எழுந்து நின்று ஒருமித்துச் சொல்லும் பகுதி வந்தபோது, வழக்கம்போல என் காது அப்பாவின் குரலைத் தேடியது.

பாடற்குழுவில் அடித்தொனியில் பாடிய அப்பாவின் குரல் ஆலயத்தில் எங்கிருந்தாலும் கேட்கும். ஆனால் எனக்கு விபரம் தெரிந்த நாள்முதல் 2009இல் அவர் கண்மூடும்வரை, பாடுபடுவதைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அவர் சொன்னதில்லை. மற்ற வரிகளையெல்லாம் உரத்துச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு கையிலிருந்த ஆராதனைப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. இன்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். "இன்னொரு நாளைக்குச் சொல்கிறேன், பிள்ளை" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்கும் பழைய சட்டகத்தைத் துடைத்துவைத்தேன். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த எங்கள் பூட்டனாரின் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் அது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றி, 1823இல் அந்தச் செமினரியைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அப்படித்தான் கடலைக் காணாத ஒரு பண்ணையாரின் பெயரோ ஒரு வணிகரின் பெயரோ எங்கள் குடும்பப் பெயராகி, ஐந்து தலைமுறையாக எங்களோடு வருகிறது.

பந்தியில் சாதி பாராமல் உட்கார்ந்ததற்காகத் தகப்பன் வீட்டு வாசற்படி அவருக்கு மறுக்கப்பட்டது என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வேதக்காரர் எல்லாரும் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் ஆசைப்பட்டு மாறியவர்கள்தானே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்காதிருந்தது என்பதும், அவர்கள் ஆட்சி போனதும் பெருந்தொகையானோர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள் என்பதும் வரலாறு. பூட்டனாரின் மனத்தில் இருந்ததைக் கர்த்தர் ஒருவரே அறிவார். ஆனால் இழந்த வாசற்படியை அவர் திரும்பக் கேட்கவில்லை என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மாதத்தின் இரண்டாம் ஞாயிறுகளில் எங்கள் பெண்கள் ஐக்கியத்திலிருந்து மூன்று நான்கு பேர், கொழும்பிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் இறப்பர் தோட்டத்துக்குப் போய்வருகிறோம். பால் வெட்டும் குடும்பங்கள் நான்கைந்து, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் கடைசி வீட்டில் கூடி ஜெபிக்கின்றன. மணியோ ஒலிபெருக்கியோ அங்கே கிடையாது. வாசலில் ஒரு பாய், உள்ளே இரண்டு பாய், சுவரில் ஒரு நாட்காட்டி. இவ்வளவுதான் அந்த ஆலயம்.

இன்று இரண்டாம் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தபோது ஏறத்தாழ முப்பது பேர் முற்றத்தில் வந்து நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. ஆனால் ஒருவர் வீட்டுக்குள் வந்து, விரித்திருந்த வேதாகமத்தை மூடினார். கிழிக்கவோ எறியவோ இல்லை, மூடினார். அந்த அமைதியான செயல் எனக்கு ஏற்படுத்திய நடுக்கம் இதை எழுதும்போதும் விரல்களில் இருக்கிறது. இனி இந்த வீட்டில் கூட்டம் கூடக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார்கள். பிறகு வந்த பொலிஸ் உத்தியோகத்தர் வந்தவர்களை விசாரிக்கவில்லை. அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று வீட்டுக்காரப் பெண்ணிடம் கேட்டார். அவளுக்குச் சிங்களம் தடுமாறியது. முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மற்றவர்களின் சாட்சியங்களை மொழிபெயர்த்தவள் நான், அன்றைக்கும் அவளுடைய வார்த்தைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தேனேயன்றி, என் சொந்த வார்த்தை ஒன்றையும் சேர்க்கவில்லை. அதுவே இரவு முழுவதும் என்னை வருத்துகிறது.

பெப்ரவரி 12, புதன்

அந்தப் பெண் முறைப்பாடு செய்ய முடிவெடுத்திருக்கிறாள். அவளுக்காக முன்வந்திருக்கும் சட்டத்தரணி, அன்று அங்கிருந்த ஒருவர், அதிலும் சிங்களம் நன்கு தெரிந்த ஒருவர், பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தால் நல்லது என்று என்னிடம் கேட்டார்.

சட்டத்தைப் பொறுத்தவரை நான் அறியாதவளல்லள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடத்தைக் கொடுக்கும்போதே, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் கொடுக்கிறது; தனித்தோ கூடியோ வழிபடும் உரிமையை 14ஆம் உறுப்புரை சொல்கிறது. 2008 ஒக்டோபரில் வெளிவந்த சுற்றறிக்கை புதிய வழிபாட்டிடங்களைக் கட்டுவதைப் பற்றியது. ஆனால் பாய் விரித்த ஒரு லய அறையை நோக்கியும் அதையே நீட்டுகிறார்கள். கட்டடமே இல்லாத இடத்தில் கட்டட அனுமதி கேட்பது முறையா என்பதுதான் எழுத்தில் வைக்கப்பட வேண்டிய கேள்வி.

தம்பி கனடாவிலிருந்து அழைத்தான். "அக்கா, அம்மாவுக்கு எண்பத்து நாலு வயசு. உங்களுக்கு ஏதும் நடந்தால் அவவை ஆர் பார்க்கிறது? தமிழராய் இருக்கிறது போதாதா, இதுவும் வேணுமா?" என்றான். அவனுடைய பயம் அன்பிலிருந்து வருவது. 1983இல் அவனுக்கு வயது எட்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்தப் பகல் அவனுக்குள் இன்னும் முடியவில்லை. பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

இன்று மாலை அம்மா தாமாகவே சொன்னார். அவர் சொன்னதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "அவர் சபையில் எழும்பிச் சொல்ல வேணும் என்று இருபத்தாறு வருஷம் நினைச்சு, சொல்ல முடியாமலே போனதைத்தான் நீ எழுதப்போகிறாய், எழுது" என்றார்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கோட்டையில் இருந்த அலுவலகத்திலிருந்து அப்பாவும், அவரோடு ஒரே மேசையில் பதினொரு ஆண்டுகள் வேலைசெய்த நண்பர் ஒருவரும், பஸ் இல்லாததால் காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு நடந்து வந்தார்கள். தமிழரைத் தேடித் தாக்கிக்கொண்டிருந்த கும்பல் ஒன்று பம்பலப்பிட்டிக்கு அண்மையில் அவர்களை மறித்தது. அப்பா தம் அலுவலக அட்டையைக் காட்டினார். அதில் இருந்த அமெரிக்கப் பெயரைப் பார்த்து, பறங்கியரா, அதாவது ஐரோப்பிய வழிவந்தவரா, என்று கேட்டதற்கு ஆம் என்றார். கூட வந்தவர் யார், தமிழனா, இவரைத் தெரியுமா என்று அடுத்துக் கேட்டார்கள். தெரியாது என்று அப்பா நல்ல சிங்களத்தில் சொன்னார்.

நண்பரை அடித்தார்கள். உயிர் பிழைத்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சில நாட்கள் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு கண்ணின் பார்வை திரும்பவில்லை. அப்பா அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

வாசற்படியை இழந்த பூட்டனாருக்கு விலையாகக் கிடைத்த அந்தப் பெயரைக் கொண்டு அப்பா உயிர் தப்பினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது அவர்மேல் வந்த கோபத்தின் அழுகையன்று. அவர் தப்பாமல் இருந்திருந்தால் நாங்கள் மூவரும் அந்தத் தொட்டிக்குப் பின்னாலேயே அநாதைகளாகியிருப்போம். அதைச் சொல்லித் தம்மை நியாயப்படுத்திக்கொள்ள அவருக்கு எல்லா வழியும் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. கர்த்தருக்கு முன்பாகப் பொய் சொல்லக்கூடாது என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரியில் வாய்மூடி நின்றார். சுவரில் தொங்கும் சட்டகத்தைப் போலவே அந்த மௌனமும் எனக்குக் கிடைத்த முதுசம்தான். சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவு கனம் உண்டு என்று அவரிடம்தான் படித்திருக்கிறேன்.

அதே ஆண்டு, குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, நடந்தவற்றுக்காகத் தாம் வெட்கப்படுவதாகத் தம் மறைமாவட்டத்துக்கு எழுதினார். தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சிங்களவரான அவரே தம் மக்களுக்குச் சொன்னார். ஒக்டோபரில் அவர் காலமானார். பேசாதிருந்தால் அவருக்கு ஒரு நட்டமும் வந்திராது. அவரைப் பற்றி வந்த பத்திரிகைத் துண்டு ஒன்று அப்பாவின் அலுமாரியில் இருந்ததாக அம்மா சொன்னார். அப்பா அதை ஏன் வைத்திருந்தார் என்று இப்போது விளங்குகிறது.

சட்டத்தரணிக்கு இரவே சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குப் போனேன். வாக்குமூலம் எழுதத் தொடங்கும்போது பதினொன்றரை. எழுதிய இளம் உத்தியோகத்தர் மரியாதையாகவே நடந்துகொண்டார் என்பதைக் குறிப்பிட வேண்டும். பெயர் கேட்டார், சொன்னதும் பறங்கியரா என்றார். இல்லை, தமிழ், கிறிஸ்தவம், மெதடிஸ்த சபை என்றேன். அந்த நான்கு சொற்களைச் சொல்வதற்குள் என் தொண்டை வறண்டது.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். முறைப்பாட்டாளர் எனக்கு "அறிமுகமானவர்" என்று இருந்தது. அது சரியில்லை, ஒரே சபையைச் சேர்ந்த சகோதரி என்று திருத்துங்கள் என்றேன். சட்டப்படி உறவினரா என்று கேட்டார், இல்லை என்றேன். அப்படியானால் இதனால் என்ன வித்தியாசம், வழக்குக்கு இது தேவையில்லையே என்றார். அவர் சொன்னது தொழில்முறையில் சரி. நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன். இருந்தாலும் நான் சொன்ன சொல் அதுதான், சொன்னபடி எழுதாத வாக்குமூலத்தில் கையொப்பமிட மாட்டேன் என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பழைய சொல்லை வெட்டி, மேலே சகோதரி என்று எழுதினார். திருத்தத்தின் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணித் தியானம். பேதுரு மறுதலித்த பகுதியை வாசிக்க இந்த முறை என்னைக் கேட்டிருந்தார் போதகர். அம்மா தலையைக் குனியாமல், நான் வாசித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

அதிகாலையில் கொச்சிக்கடைக்குப் போனேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், 2019இல் உயிர்ப்பு ஞாயிறு வந்ததும் இதே தேதியில்தான்: இங்கே புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், அவற்றோடு கொழும்பின் மூன்று ஹோட்டல்கள் ஆகிய இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 8.45க்கு மணி ஒலித்தது. ஜெம்பட்டா வீதியில் நின்றவர்கள் அப்படியே அசையாது நின்றார்கள். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனாலும் முழு உண்மையைக் கேட்டு இந்தக் குடும்பங்கள் இன்னும் வீதியில் நிற்கின்றன.

கொல்லப்பட்ட 167 கத்தோலிக்கரின் பெயர்கள் விசுவாசத்தின் சாட்சிகளாக வத்திக்கான் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளதாகக் கர்தினால் அறிவித்திருக்கிறார். தமிழில் நீதிமன்றச் சாட்சிக்கும் விசுவாசச் சாட்சிக்கும் ஒரே சொல்தான் என்பதைத் தொழில் காலத்தில் பலமுறை கடந்துபோயிருக்கிறேன்; இன்று அதைக் கடக்க முடியவில்லை. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற சீயோன் சபைப் பிள்ளைகளையும், சந்தேகப்பட்டு அந்த மனிதனை உள்ளே விடாமல் மறித்துத் தம் உயிரைக் கொடுத்தவரையும் எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

பிற்பகல் பாப்பரசர் பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது, மெதடிஸ்தரான நாங்களும் அந்தக் கூட்டத்தில் நின்றோம். ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலிக்காரராக வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்து, வீடு வீடாகப் போய் இரவில் பூசை வைத்தவர் அவர். வைத்த இடங்களில் ஒன்றுக்கும் அனுமதிக் கடிதம் இருந்திராது.

ஏப்ரல் 27, ஞாயிறு

முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது என்பதற்குமேல் பதில் இல்லை. அதற்காகக் காத்திருக்காமல் அந்தக் குடும்பங்கள் பெப்ரவரி கடைசியிலிருந்தே கூடத் தொடங்கியிருக்கிறார்கள்; எங்களுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க பயந்துருவீங்கன்னுதாம்மா சொல்லல" என்றாள் வீட்டுக்காரப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு.

அம்மாவையும் இன்று வாடகை வண்டியில் கூட்டிப்போயிருந்தேன். வாசற்பாயில் உட்கார முடியாததால் அயல்வீட்டிலிருந்து ஒரு கதிரை வந்தது. கொடுத்தவர்கள் கோவிலுக்குப் போகிற குடும்பம். முற்றத்தில் இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். கீர்த்தனை நிற்கவில்லை. நாங்கள் புறப்படும்போது, அடுத்த மாதம் எத்தனை பேர் வருவீர்கள், சோறு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள். ஐந்து பேர் என்று அம்மா சொன்னார்.