குதிரையின் முதுகில் இரண்டு கிலோ

லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு நடைக்குப் போய் வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது, பனிச்சிறுத்தை பார்த்தாயா, மேலே மூச்சு முட்டியதா என்றுதான். பனிச்சிறுத்தையைப் பார்க்கவில்லை, மூச்சு முட்டியது. ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றுவது எங்கள் கூடாரம், சமையல் பாத்திரம், மண்ணெண்ணெய், பைகள் என்று எல்லாவற்றையும் ஆறு நாள் சுமந்துவந்த ஐந்து குதிரைகளைப் பற்றித்தான்.

லே ஊரே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உடம்பு பழக இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, ஜன்ஸ்கார் ஆற்றங்கரையில் செம்புப் பாத்திர வேலைக்குப் பேர்போன சில்லிங் கிராமத்துக்கு ஜீப்பில் போய், அங்கிருந்து நடை. ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர், நிமாலிங், பிறகு 5,200 மீட்டரையும் தாண்டி நிற்கும் கோங்மாரு கணவாய், அந்தப் பக்கம் இறங்கினால் ஷாங் சும்தோ. வழிகாட்டி எங்களோடு நடப்பார். குதிரைக்காரர் அப்படி இல்லை, நாங்கள் கிளம்பிப் போன பிறகு கூடாரங்களை மடித்துப் பொதி கட்டிக் கிளம்புவார், மதியத்துக்குள் மணிச்சத்தத்தோடு எங்களைத் தாண்டிப் போய்விடுவார்.

அவர் பொதி ஏற்றுவதைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் கடைசி ஆளாகக் கிளம்பினேன். முதலில் மடித்த கம்பளி, அதன்மேல் மரச்சேணம், வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. ஏற்றத்தில் பொதி பின்னால் சரியாமல் இருக்க மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, இறக்கத்தில் முன்னால் வந்து கழுத்தில் ஏறாமல் இருக்க வாலடியில் ஒன்று. இவ்வளவும் ஆன பிறகுதான் மூட்டைகள். இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தராசெல்லாம் கிடையாது, ஒரு கையில் ஒரு மூட்டை, மறு கையில் இன்னொன்று, தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பையை இங்கிருந்து அங்கே மாற்றுவார், அப்போதும் சரிவராவிட்டால் கீழே கிடக்கும் ஒரு கல்லை எடுத்து எடை குறைந்த பக்கம் செருகிவிடுவார்.

இரண்டாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். அவர் கட்டி முடித்துவிட்டுத் திரும்பிய நேரம், என் தோள்பையில் இருந்த கேமரா முக்காலியையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு மூட்டையின் கயிற்றுக்குள் சொருகிவிட்டேன். இரண்டு கிலோ இருக்கும், குதிரைக்கு அது ஒரு பாரமா என்று நினைத்தேன். மார்க்கா ஆற்றைக் கடக்கும் இடத்தில், நடுத்தண்ணீரில், சேணம் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. குதிரை அசையாமல் நின்றது. அவர் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய்த் தோளால் முட்டுக்கொடுத்தபடியே கரைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து மொத்தப் பொதியையும் இறக்கினார்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் என் கையைப் பிடித்து, கம்பளியை விலக்கி, குதிரையின் தோள்மேட்டில் வைத்தார். ஒரு ரூபாய் அளவுக்கு முடி தேய்ந்து, தோல் சூடாக இருந்தது. சேணம் சரிந்து உராய்ந்த இடம். புண்ணானால் அந்த சீசன் முழுக்க அதற்கு வேலை இல்லை என்றார் இந்தியில். "மன்னிச்சிடுங்க, ஆச்சோலே" என்றேன். அங்கே அண்ணனை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று அந்தக் குதிரையை வெறும் முதுகோடு நடத்திக்கொண்டு வந்தார். அதன் பொதியை மற்ற நான்குக்கும் பிரித்துக் கட்டியதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. முக்காலியைக் கடைசிவரை நானே சுமந்தேன்.

நிமாலிங் பரந்த புல்வெளி, மார்க்கா மக்கள் கோடையில் ஆடுமாடுகளை மேய்க்கும் இடம். இரவில் குதிரைகளை மேய அவிழ்த்துவிடுவார்கள், விடியற்காலையில் கழுத்துமணிச் சத்தத்தை வைத்து மலைச்சரிவில் தேடிப் பிடித்து வர வேண்டும். அன்று அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கப்புறம்தான் கணவாய் ஏற்றம். மேலே ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான், பத்து அடிக்கு ஒருமுறை நான் நின்றேன். குதிரைகளும் ஒவ்வொரு வளைவிலும் நின்று, விலா விரிந்து சுருங்க மூச்சு வாங்கின. அவர் ஒன்றைக்கூட அதட்டவில்லை. அவை தானாகக் கிளம்பும்வரை நின்றார்.

நீங்கள் போவதாக இருந்தால், பைக்கு 10 கிலோ என்றால் 10 கிலோதான், வீட்டிலேயே எடை போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் குதிரைகளின் முதுகைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல குதிரைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார். பணம் பேசும்போது திரும்பிப் போகும் நாளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். நாம் ஷாங் சும்தோவில் ஜீப் ஏறிவிடுகிறோம். அவருக்கு வீடு பள்ளத்தாக்குக்குள் இருந்தது. மறுநாள் காலை வெறும் சேணத்தோடு ஐந்தையும் ஓட்டிக்கொண்டு அதே கணவாயில் மறுபடி ஏறப் போவதாகச் சொன்னார். தேய்ந்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருந்ததா என்று கேட்டேன். வந்து பார் என்று கூட்டிப்போனார்.