மூன்று பிறந்தநாள்களுக்கு ஒரு கணக்கு

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று காலை எட்டரை மணியளவில், கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த பேத்தி, யாரும் சொல்லாமலே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டினாள். முதல் முறை கைகள் ஒன்றையொன்று தவறவிட்டன. இரண்டாம் முறை விரல்கள் மட்டும் மோதின. மூன்றாம் முறைதான் ஓசை எழுந்தது. அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்த பார்வையை எழுதி வைப்பதற்காகவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கருவூலத்தில் கணக்கு எழுதியவனுக்கு, வரவை வந்த நாளிலேயே பதியாவிட்டால் இரவில் உறக்கம் வராது.

பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கு உரியதாக வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து கைகொட்டும் பருவம் அது. பேத்தி பிறந்தது 2024 பிப்ரவரி 24, மாசி மகத்தன்று. கும்பகோணமே மகாமகக் குளத்தைச் சுற்றி நின்ற அந்த நாளில், நாங்கள் மட்டும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். அன்றிலிருந்து எண்ணினால் இப்போது நடப்பது பதினோராம் மாதம். அது முத்தப் பருவம். ஆகவே, இந்தக் கைகொட்டலைப் பிந்தி வந்த வரவாகவே பதிகிறேன்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். பானை எந்தத் திசையில் பொங்கியது என்பதை மனைவி எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். நான் ஓர் அரிசி மணியைப் பற்றி எழுதுகிறேன். முறத்தில் புடைத்த பச்சரிசியில் நான்கைந்து மணிகள் தரையில் சிதறின. சென்ற மாதம் வரையில் தரையில் கிடப்பதைப் பேத்தி முழுக் கையாலும் வாரித் தன் பக்கம் இழுப்பாள். அகப்பட்டால் உண்டு, நழுவினால் இல்லை. இன்று ஒரே ஒரு மணியின் மேல் குனிந்து, மூன்று விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, கட்டைவிரல் நுனியாலும் ஆள்காட்டி விரல் நுனியாலும் அதைக் கிள்ளி எடுத்தாள். தங்கம் நிறுப்பவர்கூட அவ்வளவு மூச்சடக்கி எடுத்திருக்க மாட்டார். அது வாய்க்குப் போகும் வழியில் மனைவி கையைப் பிடித்துவிட்டாள்.

கிள்ளி எடுக்கத் தெரிந்த நாள் முதல் வீட்டுத் தரை முழுவதும் ஆபத்தான இடமாகிவிடுகிறது. பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் மூச்சுக்குழாயில் சிக்கும்; பொத்தான் வடிவப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். மாலையில் நான் மண்டியிட்டுக் கட்டிலடியைத் துழாவியதில் ஓர் ஊக்கு, இரண்டு மிளகு, ஒரு பேனா மூடி ஆகியவை கிடைத்தன. பேனா மூடி என்னுடையதுதான். ஆறு மாதமாக மனைவியின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். "பதினோரு மாதம் ஆகப்போகிறது, இன்னும் வயிற்றாலேயே நீந்துகிறாளே, இதில் உட்கார வையுங்கள், பத்தே நாளில் ஓடுவாள்" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால், அடுப்படியில் நின்றிருந்த என் மகளின் முகம் அதற்குப் பிறகு மாறிவிட்டது.

21 ஜனவரி 2025, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மாளின் பேரன் நம்முடையவளைவிட மூன்று வாரம் இளையவன். முழங்காலிட்டுத் தவழ்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "அம்மாக்காரி எப்போது நடந்தாள்? பெண்ணும் அப்படித்தானே இருக்கும்?" என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். கேள்வியைக் கேள்வியாக விட்டிருக்கலாம். நான் பரணில் ஏறி 1994ஆம் ஆண்டு நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். மகள் முதன்முதலாக நடந்த நாளில் என் கையெழுத்தில் இருந்த பதிவு முழுவதும் இதுதான்: "சின்னவள் இன்று நடந்தாள். மண்ணெண்ணெய் 5 லிட்டர் வாங்கியது. மின்கட்டணம் பாக்கி."

எத்தனை அடி நடந்தாள், யாரை நோக்கி நடந்தாள், விழுந்தாளா, அழுதாளா என்பதில் எதுவும் இல்லை. மனைவியைக் கேட்டால், நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன் என்றும், மாலையில் அவள் சொல்லித்தான் எழுதினேன் என்றும் சொல்கிறாள். தேதியை மட்டும் கணக்கிட்டுப் பார்த்ததில், மகளுக்கு அப்போது பதினோரு மாதம் ஒன்பது நாள். அதை வாய்விட்டுச் சொன்னது என் பிழை. இரவு முழுவதும் மகள் கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டே இருந்தாள்.

28 ஜனவரி 2025, செவ்வாய்

குழந்தை மருத்துவரைப் பார்த்து வந்தோம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கிய அட்டவணை அது. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, கவிழ்வது, பொருளைக் கைமாற்றுவது, எழுந்து நிற்பது, இரண்டு சொற்கள் பேசுவது என்று பதினேழு செயல்களுக்குப் பதினேழு பட்டைகள். கீழே மாதங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பட்டையின் இடது முனை, முந்திக்கொள்ளும் குழந்தைகள் அதைச் செய்யும் மாதம். வலது முனை, அநேகமாக எல்லாக் குழந்தைகளும் செய்துவிட்டிருக்கும் மாதம். குழந்தையின் வயதின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுவதுமாக ஒதுங்கிவிட்ட பட்டைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டியவை. பென்சில் ஊடே வெட்டிச் செல்லும் பட்டைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இவ்வளவு சுருக்கமான பேரேட்டை நான் பார்த்ததில்லை.

நான் உடனே பென்சிலை வாங்கிப் பதினோராம் மாதத்தின் மேல் வைத்தேன். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த நாள் எது என்று மகளைக் கேட்டார். ஏப்ரல் 6 என்றாள். முப்பத்து நான்காவது வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை என்பதால், ஆறு வாரத்தைக் கழித்து, அவர் என் கையிலிருந்த பென்சிலை இடப்பக்கம் நகர்த்தினார். ஒன்றரை மாத தூரம் அந்தத் தாளில் ஒரு விரற்கடைகூட இல்லை. ஆனால், நகர்த்தியதும் பென்சிலைத் தொட்டும் தொடாமலும் நின்ற ஒரு பட்டை தாராளமாக அதன் வலப்பக்கம் நீண்டது. மகள் அதைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயது வரையில் இப்படித்தான் கழித்துப் பார்க்க வேண்டுமாம். தடுப்பூசிக்கு மட்டும் கழிவு கிடையாது. பிறந்த தேதியையே கொள்ள வேண்டும். அதனால்தான் நவம்பரில், ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய நாளிலேயே சொல்லியிருந்ததாக மருத்துவர் சொன்னார். சொல்லியிருப்பார், அன்று எங்களில் யாருக்கும் காது இருக்கவில்லை.

வாக்கரைப் பற்றிக் கேட்டேன். அதில் தொங்கும் குழந்தை கால்விரல் நுனியால் தரையை உந்துகிறதே தவிர, தன் எடையைத் தானே தாங்கப் பழகுவதில்லை. நடை பிந்துமே ஒழிய முந்தாது. படியில் உருள்வதும் அடுப்பருகே போவதும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பரணில், 1994க்குப் பக்கத்தில் வைத்தேன்.

திருத்தப் பதிவு: ஜனவரி 5 அன்று பிந்தி வந்ததாக எழுதிய வரவு, ஏப்ரல் 6இலிருந்து எண்ணினால் ஒன்பதாம் மாதத்தின் கடைசி நாளில் வந்தது. சப்பாணி உரிய மாதத்திலேயே நடந்திருக்கிறது.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

மதியம் எல்லோரும் அரைத்தூக்கத்தில் இருந்தபோது, முழங்காலில் எழுந்து, முன்னும் பின்னும் நான்கு முறை ஆடிப் பார்த்துவிட்டு, பேத்தி தவழ்ந்தாள். நேரே கூடத்தின் நிலைப்படிக்குப் போய், அதன் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து, தலை அந்தப் பக்கமும் கால் இந்தப் பக்கமுமாகச் சிறிது நேரம் கிடந்தாள். தூக்கப் போன மகளை மனைவி தடுத்தாள். இரண்டு நிமிடம் கழித்துப் பின்னங்கால்களும் படியைத் தாண்டின. படி தாண்டினால் கொழுக்கட்டை செய்வது எங்கள் வழக்கம் என்பதால், தூக்கம் கெட்டாலும் யாருக்கும் நட்டமில்லை.

தவழாமலே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு என்று மகள் இப்போது சாவகாசமாகச் சொல்கிறாள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமானோர் முழங்காலிட்டுத் தவழவே இல்லையாம். தனித்து நடக்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறதாம். எதிர்வீட்டு அம்மாளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். மனைவி கொழுக்கட்டையை மட்டும் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

தச்சரிடம் நடைவண்டி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என மூன்று மரச் சக்கரங்கள், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். குழந்தை அதற்குள் உட்காருவதில்லை, பின்னால் தன் காலில் நிற்கிறது. எடை அதனுடையது, தள்ளுவதும் அதுவே. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடாதபடி அச்சைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைக்கச் சொன்னேன். அது எப்போதுமே அப்படித்தான் என்று தச்சர் சற்றுக் கோபத்தோடு பதில் சொன்னார்.

24 பிப்ரவரி 2025, திங்கள்

ஆங்கிலத் தேதிப்படி முதல் பிறந்தநாள். மாப்பிள்ளை கேக் வாங்கி வந்தார். தெரியாத முகங்களைக் கண்டு பேத்தி வீறிட்டாள்; நான்கு மாதத்துக்கு முன்பு யார் கையை நீட்டினாலும் போய்விடுவாள். வேற்று முகம் தெரிவதும் வளர்ச்சிதான் என்று வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்வதிலேயே என் மாலை கழிந்தது.

எடை 7.6 கிலோ. ஒரு வயதில் பிறந்த எடையைப் போல் மும்மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். இவள் பிறந்தபோது 1.9 கிலோ, சரியாக நான்கு மடங்கு. பார்வைக்கு மெலிவுதான், ஆனால் இந்தக் கணக்கை யாரிடமும் தைரியமாகக் காட்டுவேன். பிறந்ததும் மருத்துவமனையில் இருந்த அந்தப் பதினாறு நாள்களில், சட்டையைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை இவளை மார்போடு மார்பாகக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இன்குபேட்டர் போதாத நிலையில் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை அது. கங்காரு முறை என்கிறார்கள். பேசத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி நான் வைத்திருந்த கருத்தை அப்போதுதான் மாற்றிக்கொண்டேன்.

12 மார்ச் 2025, புதன்

மாசி மகம், நட்சத்திரப்படி ஆண்டு நிறைவு. குளத்தில் தீர்த்தவாரிக் கூட்டம், வீட்டில் உறவினர் கூட்டம். மகத்தில் பிறந்தவள் ஜகத்தை ஆள்வாள் என்று வந்தவர்கள் எல்லோரும் தவறாமல் சொன்னார்கள். அவள் இப்போதைக்கு நடைவண்டியை ஆள்கிறாள். சுவரில் முட்டினால் திருப்பத் தெரியாமல், யாராவது வரும் வரை அங்கேயே நின்று கத்துகிறாள்.

"த்தா" என்று இரண்டு வாரமாகச் சொல்கிறாள். தாத்தா என்றே எடுத்துக்கொண்டு நான் பெருமையில் இருந்தேன். ஓசை சொல்லாக வேண்டுமானால் அது ஓர் ஆளுக்கோ பொருளுக்கோ மட்டும் உரியதாக இருக்க வேண்டும். இன்று மின்விசிறியையும் தண்ணீர்க் குவளையையும் அவள் அதே பெயரால் அழைத்தாள். சொல் என்று பதிய முடியவில்லை.

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

கழித்துப் பார்த்த கணக்கில் இன்றுதான் ஓராண்டு. கேக் இல்லை, கூட்டம் இல்லை. எனக்கு மட்டும் நினைவிருந்தது என்று எண்ணினேன். மகள் காலையிலேயே கேசரி கிளறிவிட்டாள்.

தனியாக நடக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நான்கு அடி வைக்கிறாள். கையை விட்டால், விட்டது தெரியாத வரையில் நிற்கிறாள், தெரிந்ததும் உட்கார்ந்துவிடுகிறாள். பதிய வேண்டியது வேறொன்று. மாலையில் அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். தென்னை உச்சியை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டியது முழுக் கை அல்ல, ஆள்காட்டி விரல் மட்டும். சங்கராந்தியன்று அரிசி மணியைக் கிள்ளிய அதே விரல். "அ" என்றாள். சேய்மைச் சுட்டு, இலக்கணப் பிழையே இல்லை. ஒரு பொருளை வேண்டிக் கை நீட்டுவது அவளுக்குப் புதிதல்ல. இது வேண்டுதல் அல்ல என்பது எப்படித் தெரிந்தது என்றால், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பி, நான் பார்க்கிறேனா என்று என் கண்ணைப் பார்த்தாள். மறுபடி மரத்தைப் பார்த்தாள். மறுபடி என்னை.

மூக்குக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தேன். உச்சியில் ஏதோ கறுப்பாக அசைந்தது. "ஆமாம், காக்கா" என்றேன். துணி எடுக்க வந்த மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "காக்கா இல்லை அப்பா, கிழிந்த பாலிதீன் பை மாட்டிக்கொண்டிருக்கிறது" என்றாள். பேத்தி விரலை மடக்கவில்லை. இன்னொரு முறை "அ" என்று சொல்லிவிட்டு, இம்முறை அவளைத் திரும்பிப் பார்த்தாள்.