சோளகம் புறப்படும் இடம்

வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று புரட்டாதி வரை யாழ்ப்பாணத்தை விடுவதில்லை. பனையோலைகள் இரவு பகலாகச் சலசலக்கும்; வாழைத் தோட்டங்களில் ஓர் இலைகூடக் கிழியாமல் மிஞ்சாது. இக்காற்று கொழும்புப் பக்கத்திலிருந்து வருவதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது மத்தியகோட்டுக்கு அப்பால், மடகஸ்காருக்குக் கிழக்கே தென் இந்து சமுத்திரத்தில் நிலைகொள்ளும், வளியின் அமுக்கம் கூடிய உயரமுக்கப் பகுதியிலிருந்து புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் கடந்து வருகிறது.

அது அவ்வளவு தூரம் வருவதற்குக் காரணம் சூரியன். மத்தியகோட்டை அண்டிய பகுதிகளில் சூடேறிய ஈரவளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வரை மேலெழுந்து, வடக்கும் தெற்குமாகப் பரந்து, 30 பாகை அகலக்கோடுகளின் அருகே கீழிறங்குகிறது. இறங்கும் வளி அமுங்கிச் சூடாகி உலர்ந்துவிடுவதனாலேயே சகாராவும் அரேபியப் பாலைவனமும் அந்த அகலக்கோடுகளை ஒட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்து தரையோடும் கடலோடும் மத்தியகோட்டை நோக்கித் திரும்பும் வளியே வியாபாரக் காற்று.

திரும்பும் வளி நேர்கோட்டில் வருவதில்லை. மத்தியகோட்டில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே சுழல, 30 பாகையில் அவ்வேகம் 1450 அளவில்தான் இருக்கிறது. ஆகவே மெதுவாகச் சுழலும் இடத்திலிருந்து வரும் வளி பின்தங்கி மேற்கே சாய்கிறது. 1735இல் இங்கிலாந்தின் ஜோர்ஜ் ஹட்லி இவ்வாறே விளக்கினார். சுழலும் தொகுதிகளில் தோன்றும் விலகலுக்கு 1835இல் கணித வடிவம் தந்தவர் பிரான்சின் கொரியோலிசு. வட அரைக்கோளத்தில் காற்று வலப்புறமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் விலகும் என்ற இந்த ஒரு விதியே சோளகத்தின் திசையைத் தீர்மானிக்கிறது.

தென் அரைக்கோளத்தின் வியாபாரக் காற்று தென்கிழக்கிலிருந்து வீசுவது. ஆனி, ஆடி மாதங்களில் வட இந்தியாவும் பாகிஸ்தானும் கொதித்து அங்கே தாழமுக்கம் உருவாக, இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் ஒருங்கல் வலயமும் வடக்கே ஏறிவிடுகிறது. அதைத் தேடி மத்தியகோட்டைத் தாண்டும் தென்கிழக்குக் காற்று, தாண்டியதும் வலப்புறம் திரும்பி, சோமாலியாக் கரையோரம் பெருவேகம் கொண்டு, தென்மேற்குக் காற்றாக நம்மிடம் வருகிறது.

இவ்வளவு கடலைக் கடந்த காற்று நமக்கு ஏன் மழை தருவதில்லை? மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழும்போது அது குளிர்ந்து மழையாகிறது; வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். தட்டையான நம் குடாநாட்டிலோ அதை மேலெழுப்ப ஒரு குன்றுகூட இல்லை. ஈரம் தலைக்குமேல் கடந்துபோக, செம்மண் புழுதி மட்டும் நமக்கு எஞ்சுகிறது.

வாடைக்காற்றுக்கு இத்தனை சுற்றுப்பாதை இல்லை. அது வட அரைக்கோளத்துக்கு இயல்பான வடகிழக்கு வியாபாரக் காற்றேதான். மாரியில் குளிர்ந்துபோகும் ஆசியப் பெருநிலத்தின் உயரமுக்கம் அதற்கு வலுவூட்டுகிறது. வியாபாரக் காற்றையும், சோளகம், வாடை ஆகிய பருவக்காற்றுகளையும் தொடர்பற்ற இரு பாடங்களாகக் கற்பிக்கும் வழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நார்) பூட்டி ஏற்றும் பட்டம் கூவுவதும் அந்த வியாபாரக் காற்றினால்தான்.

ஒருங்கல் வலயம் வடக்கே போகும்போதும் தெற்கே மீளும்போதும் நம்மைக் கடக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று தளர்ந்து, காலையில் புழுங்கி, பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது அதனால்தான். ஐப்பசியில் அது தெற்கே இறங்கியபின், வங்காள விரிகுடாவில் ஈரம் அள்ளிவரும் வாடையும் அங்கே உருவாகும் தாழமுக்கங்களும் சேர்ந்து, மார்கழிக்குள் நம் ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தந்து கிணறுகளை நிரப்பிவிடுகின்றன.