கொள்கை வரைவுக்கு மீண்டவர்களை அழைக்கும்போது

ஆள்கடத்தல் தடுப்புக் கொள்கை வரைவுக்குக் கருத்துக் கேட்க அழைப்பு அனுப்பியபோது, 'மீட்கப்பட்டவர்' என்ற சொல்லை முதலில் எடுத்துவிட்டோம். தாமே தப்பி வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களை யாரும் வந்து மீட்கவில்லை. 'மீண்டவர்' என்பது இரு தரப்புக்கும் பொருந்தும்.

அழைப்புக்கு முன்பே பார்க்க வேண்டியது வழக்கு நிலவரம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது கூட்டத்தில் சொன்ன ஒரு வரி குறிப்பேட்டில் ஏறினால், வாக்குமூலத்துக்கு முரண் என்று எதிர்த்தரப்பு அதையே தூக்கிப் பிடிக்கலாம். அதனால் அவரவர் வழக்கறிஞரிடம் கேட்ட பிறகுதான் தேதி குறித்தோம். காப்பக நிர்வாகி மூலம் கேட்கக் கூடாது. தங்க இடம் தருபவர் கேட்டால் 'மாட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்?

ஒரே தாளில் ஒரே கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. வருவதற்கு, குறிப்பெடுப்பதற்கு, அறிக்கையில் சேர்ப்பதற்கு, படம் எடுப்பதற்கு எனத் தனித்தனியாகக் கேட்டோம். ஒரு வாரம் கழித்து, பேசியதன் எழுத்துவடிவைக் காட்டி மறுபடியும் கேட்டோம். அச்சுக்குப் போகும்வரை விலகலாம், அதன்பின் திரும்பப் பெற முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம். கடத்தப்பட்ட பெண்களை நேர்காணல் செய்வது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 10 நெறிகளில் முதலாவது, தீங்கு செய்யாதே என்பது. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே என்பதும் அவற்றில் உண்டு. நடைமுறையில் அதிகம் மீறப்படுவது வாக்கு பற்றிய இந்த நெறிதான்.

வரைவை எளிய மொழியில் நான்கு பக்கமாகச் சுருக்கி, 10 நாள் முன்னதாகக் கொடுத்தோம். அதிகாரிகள் 20 பேர் இருக்கும் அறையில் ஒரே ஒரு மீண்டவர் உட்கார்ந்தால் அவர் வெறும் காட்சிப்பொருள்; குறைந்தது மூவராவது வேண்டும்.

'உங்களுக்கு என்ன நடந்தது?' என்ற கேள்வியை நிகழ்ச்சி நிரலிலேயே தடை செய்தோம். அதற்குப் பதில், 'இந்த விதி எந்த இடத்தில் வேலை செய்யாது?' என்று கேட்டோம். காப்பகத்தில் சேரும்போது பாதுகாப்புக்காகக் கைபேசியை வாங்கி வைக்கும் விதி ஒன்று வரைவில் இருந்தது. கடத்தியவன் முதலில் பிடுங்குவதும் கைபேசியைத்தான் என்பது, ஒரு மீண்டவர் சொல்லும்வரை, மேசையைச் சுற்றி இருந்த மற்ற யாருக்கும் உறைக்கவில்லை. சொந்தக் கதையைக் கேட்டிருந்தால் கண்ணீர் வந்திருக்கும், இந்தத் திருத்தம் வந்திருக்காது.

மற்ற வல்லுநர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம்தான் இவர்களுக்கும். உதவித்தொகை பெறுபவருக்கு இந்த வருமானத்தால் அது குறையுமா என்று முன்பே விசாரிக்க வேண்டும். ரகசியம் பெரும்பாலும் கசிவது கணக்குப் பிரிவில்தான். 'பாதிக்கப்பட்டவர் பயணப்படி' என்று ரசீதில் ஒரு வரி இருந்தால் போதும், எல்லா முன்னெச்சரிக்கையும் வீண். 'ஆலோசகர் கட்டணம்' என்று எழுதச் சொன்னோம். வருகைப் பதிவேடு, இணையவழிக் கூட்டத்தில் திரையில் தெரியும் பெயர் இரண்டையும் அதேபோல் சரிபார்க்க வேண்டும்.

கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் ஓர் அட்டவணை அனுப்பினோம்: சொன்ன யோசனை, ஏற்றோமா, இல்லையென்றால் ஏன். மறுத்ததற்குக் காரணம் எழுதும் பத்திதான் அதிகாரிகளுக்குக் கசந்தது. ஆனால் அடுத்த வரைவுக்கு மீண்டவர்கள் திரும்பி வருவதும் வராததும் அந்தப் பத்தியைப் பொறுத்துத்தான். இப்படி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூப்பிடுவதைவிட நிரந்தர இருக்கை மேல். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவையே அமைத்தது. எங்கள் வரைவில் அதற்கான விதி இன்னும் முடிவாகாமல் அடைப்புக்குறிக்குள்தான் நிற்கிறது.