நின்று பெய்தவன் குந்தியபோது

எங்கள் உப்புவெளி வீட்டுக் கடுவன் பூனைக்கு மூன்று வயது. நலமடிப்பதை, அதாவது விதை எடுப்பதை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது என் பிழை.

வைகாசியில் ஒரு வெளிக் கடுவன் இரவில் மதிலேறி வரத் தொடங்கியது. அன்றிலிருந்து எங்களவன் முன்கதவுத் திரைச்சீலையில் பெய்தான். பின்பக்கத்தைச் சீலைக்குக் காட்டி நிற்பான், வால் நிமிர்ந்து நடுங்கும், ஒரு பீச்சு. அளவு கொஞ்சம், நாற்றமோ வீடு முழுக்க. மற்றபடி மணல் தட்டில் வழமைபோலத் தாராளமாகப் போனான், சாப்பிட்டான். சரி, எல்லை குறிக்கிறான் என்று விட்டேன்.

ஆடியில், கச்சான் காற்று அனலாக வீசிய நாட்களில், குளியலறைத் தரையில் சலம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. "வீம்புக்குச் செய்யிறான் பிள்ளை" என்றார் அம்மா. பழைய சேட்டைதான் என்று நானும் இரண்டு நாள் துடைத்துக்கொண்டிருந்தேன். இம்முறை அவன் நிற்கவில்லை, குந்தினான். அடிக்கடி தட்டுக்குப் போய் முக்கினான், சன்னமாக அழுதான், மணலை நனைக்காமலே திரும்பி வந்து அடியை நக்கினான். இவ்வளவும் என் கண்முன்தான். மூன்றாம் நாள் வெள்ளைத் தரையில் இளஞ்சிவப்புச் சொட்டைக் கண்டபிறகுதான் ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

"கடைசியா நிறையச் சலம் போனது எப்ப?" என்றார் மிருக வைத்தியர். எனக்குத் தெரியவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஆண் பூனையின் சலக்குழாய் மிக ஒடுக்கம். முற்றாக அடைத்தால் சலப்பை கல்லுப்போல இறுகி, ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடலாம். எங்களவனின் பை சிறிதாக, மெத்தென்று இருந்தது. தப்பினோம்.

சலத்தில் இரத்தம் இருந்தது, கிருமி இல்லை. இளம் பூனைகளுக்கு இப்படிக் கிருமியில்லாமலே சலப்பை அழல்வதுதான் அதிகமாம். பயமும் பதற்றமும் அதைக் கிளப்புமாம். திரைச்சீலைக்கும் குளியலறைக்கும் அந்த ஒரே மதிலேறிதான் காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. அன்டிபயோட்டிக் தரவில்லை. நோவுக்கு மருந்து, சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். (பனடோலில் கால் துண்டு கொடுத்தால் என்ன என்று அம்மா முதல்நாளே கேட்டிருந்தார். பூனைக்கு அது நஞ்சு. நல்லகாலம், கொடுக்கவில்லை.)

உப்பில்லாமல் அவித்த சூடை மீனை அந்தத் தண்ணீரோடேயே வைத்தோம். மதிலைப் பார்த்த யன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்தோம். சுகமானதும் நலமடித்தோம், சில வாரங்களில் பீச்சுவதும் நின்றது. சீலையை எத்தனை தரம் தோய்த்தும் மணம் போகாததால் எறிந்துவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் தட்டு மணலில் ஈரத்திட்டுகளை எண்ணுகிறேன். அம்மா சிரிக்கிறார்.