மாஸ்டர்ஸுக்கு எந்தக் கம்பஸ்? நான் முடிவெடுத்த விதம்

இரண்டு இடங்களிலிருந்தும் ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. ஒன்று, எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சின்னப் பிள்ளைகள்கூடப் பெயர் கேட்டிருக்கிற ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம். சுற்றாடல் முகாமைத்துவம், ஒரு வருடம், பாதிக் கட்டணம் தள்ளுபடி. மற்றது பேராதனையில் 1975இல் தொடங்கிய விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம். மண் விஞ்ஞானம், ஆய்வோடு இரண்டு வருடம்.

அப்பா அடுத்த நாளே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் சொல்லிவிட்டார், மகன் லண்டன் போகிறான் என்று. கொழும்பில் கடை வைத்திருக்கிற பெரியப்பா மிச்சக் காசைக் கடனாகத் தருவதாகச் சொன்னார். “பேராதனை இங்கதானே இருக்கு, எப்பவும் போகலாம்” என்றார்.

எனக்கு மண்தான் வேண்டியிருந்தது. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அம்மா கொழுந்து எடுக்கும் மலையில் செடி மஞ்சளித்தது. கொழுந்தின் நிறை காணாமல், அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு அம்மா திரும்பிய நாட்கள் எனக்கு மறக்காது. அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. உரத்தை நிறுத்தினால் எந்த மண் தாங்கும், எது தாங்காது? அதைப் படிக்கத்தான் மாஸ்டர்ஸ்.

முதலில் நானும் தரவரிசையைத்தான் பார்த்தேன். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூஎஸ் பட்டியலில் 30 சதவீதப் புள்ளி கல்வியாளர்களின் அபிப்பிராயத்துக்கு, 15 சதவீதம் வேலை கொடுப்பவர்களின் அபிப்பிராயத்துக்கு. பல்கலைக்கழகம் முழுவதற்குமான மதிப்பு அது. மண் ஆய்வுகூடத்தில் யார் இருக்கிறார் என்று அது சொல்லாது.

சரி, நேரே கேட்போம் என்று மின்னஞ்சல் எழுதினேன். இங்கிலாந்தில் நான் கட்டுரைகள் படித்து வைத்திருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பெயர் மட்டும் இணையப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அங்கே படித்து முடித்த ஓர் அக்காவைத் தேடிப் பிடித்தேன். “தீசிஸுக்கு மூன்று மாதம்தான் தம்பி, இருக்கிற தரவை வைத்துத்தான் எழுதினோம்” என்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி, புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு, மண்ணின் புளிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க மூன்று மாதம் எந்த மூலைக்குக் காணும்?

பேராதனை விரிவுரையாளர் என் மின்னஞ்சலுக்குப் பதிலாகக் கேள்விதான் அனுப்பினார். எந்த உயரத்துத் தோட்டம், கடைசியாக எப்போது கவ்வாத்து, மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் 4.5க்குக் கீழே போயிருக்கிறதா? என் முடிவு அங்கேயே பாதி ஆகிவிட்டது.

இன்னொன்றையும் பார்த்தேன். பட்டங்களை மட்டம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டுமான முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ், 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். விரிவுரையாளராக நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னோடு படித்த நண்பன் வியாபார முகாமைத்துவத்துக்குப் பெயர் பெற்ற இடத்தையே எடுத்தான். அவன் துறையில் அந்தப் பெயரும், கூடப் படிப்பவர்களின் தொடர்பும்தான் வேலை வாங்கித் தரும். அவனுக்கு அது சரி. நாளைக்கு நான் வெளிநாட்டில் வேலை தேடினால் அந்தப் பெயர் இல்லாத குறை எனக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் பேராதனையை எடுத்தேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அம்மாதான், “அவன் நம்ம மலையைப் பத்தித்தானே படிக்கப் போறான்” என்றார்.

இப்போது ஹட்டனில் பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பேராதனைக்குப் போய்வருகிறேன். போன மாதம் முதல் மாதிரி எடுத்தோம். மண் நிறைந்த இருபத்து நான்கு பைகளையும் ரோட்டு வரைக்கும் அப்பாதான் சுமந்து வந்தார். ஒவ்வொரு பையிலும் நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார்.